ஐந்து வேடியப்பன்களும் ஒரு மாநாடும்

வேடியப்பன் ஒன்றிலிருந்து நான்காக ஆன வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் புங்கனஅள்ளியில் முதலில் கிளம்பிய சண்டை, கூடுதலாக வந்த மூன்று பேருக்கும் தேங்காய் யார் வாங்கிக் கொடுப்பது என்பதுதான். எப்படி வந்தார்கள் என்று கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை. அது தக்காளி லாரி ஏற்றுகிற நேரம், சாமிக்காக லாரிக்காரன் காத்திருந்தாலும் தக்காளி காத்திருக்காது.

வேடியப்பன் எங்கள் சாமி. எந்தக் காலத்திலோ ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர்களோடு சண்டை போட்டுச் செத்துப்போன ஒரு ஆளுக்கு நட்ட கல் அவர். வருஷம் முழுக்க அவருக்கு எண்ணெயும் சந்தனமும் அப்பி, வேட்டி சுற்றி, மேலே வெள்ளிக் கண் ஒட்டி வைத்திருப்போம். திருவிழாவுக்கு முந்தின வியாழக்கிழமை மட்டும் எல்லாவற்றையும் களைந்து கழுவுவோம், அப்படிக் கழுவும்போது ஊரில் பிறந்த ஒருவரும் அவரைப் பார்க்கக் கூடாது என்பதால் பூசாரி சென்னப்பன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு தடவித் தடவிக் கழுவுவார், மற்றவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்போம். வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் பழைய கற்களைப் படிக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் வெவ்வேறு வருஷத்து வியாழக்கிழமைகளில் ஒவ்வொருவராக வந்து, நாங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, அவரைப் படமெடுத்து, அளந்து, எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் சாமியின் முகத்தை எங்களைத் தவிர எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அன்று விடிந்ததும் சந்தனக் கிண்ணத்தோடு போன சென்னப்பன், புளியமரத்தடியில் நான்கு கற்கள் பளிச்சென்று கழுவினபடி நிற்பதைப் பார்த்து, இருக்கிற சந்தனம் போதாது என்று திரும்பி வீட்டுக்கு வந்தார். எதற்கு முதுகைத் திருப்புவது என்று தெரியாமல் நாங்களும் நான்கையும் பார்த்துவிட்டோம். ஒரு கல்லில் வேடியப்பனின் காலருகே நாய் நின்றது. இன்னொன்றில் அதே இடத்தில் குதிரை நின்றது, ஆனால் தான் குதிரைதானா என்று அதற்கே ஒரு தயக்கம் இருப்பது முகத்தில் தெரிந்தது. மூன்றாவதில் நின்றது ஒரு பெண், வில்லும் கையுமாக. பழைய குழியிலேயே, சாமி எப்போதும் நின்ற அதே இடத்தில், இடுப்புக்கு மேலே ஒன்றுமே இல்லாத பாதிக் கல் நின்றது. எது பழையது எது புதியது என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை. சென்னப்பனைக் கண்ணைக் கட்டித் தடவிப் பார்க்கச் சொன்னோம், நான்கையும் தடவிவிட்டு நான்குமே தெரிந்த ஆளாகத்தான் இருக்கிறது என்றார்.

ஒரு வாரத்துக்குள் எல்லாம் பழகிவிட்டது. மேலத்தெரு லாரி டிரைவர்கள் குதிரைக்காரரை எடுத்துக்கொண்டார்கள். மகளிர் குழு, வேடியம்மாளுக்கு மஞ்சள் புடவை சாத்தி, இத்தனை நாள் இவளுக்கு வேட்டி கட்டிவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. நாய்க்காரரை ஊர்ப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பாதி மார்க் வாங்கினால் போதும் என்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிக் கல்லைச் சுற்றினார்கள்.

நஸ்ரீன் வந்தது அதற்குப் பிறகுதான். வாணியம்பாடிப் பெண், ஊர் ஊராக ஆராய்ச்சிக்காரர்கள் சேர்த்த விவரங்களை ஒரே இடத்தில் அடுக்கி இணையத்தில் ஏற்றுவது அவள் வேலை. ஒரே கல்லை ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள், அது ஒரே கல் என்று தெரியாமல் ஐந்து கல்லாக அவள் ஏற்றிவிட்டாள், அந்த வியாழக்கிழமை சாயங்காலம் இணையதளம் திறந்தது, எழுதியிருந்தபடியே கற்கள் வந்து நின்றுவிட்டன. நாயைக் குதிரையோ என்று நினைத்தவர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். கொண்டையைப் பார்த்துப் பெண் என்று எழுதியது ஒரு மாணவி. படமெடுத்தபோது மேல்பாதி விட்டுப்போனதைக் கவனிக்காத இன்னொருவர், கல் உடைந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்.

இதை அவள் சொன்னபோது நாங்கள் நம்பினோம். அவள்தான் நம்பவில்லை. புளியமரத்தடியில் நின்றபடியே செல்போனில் நாய்க்காரரின் உயரத்தைத் திருத்திப் பார்த்தாள், பதற்றத்தில் நாலடி என்பதை நாற்பது அடி என்று அடித்துவிட்டாள், வேடியப்பனின் நிழல் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலமாகி வீட்டுக்குப் போகிற நேரம் வந்துவிட்டதாகத் தோன்றியது. உடனே திருத்திவிட்டாள். அதன்பிறகு, ஆதாரமில்லாமல் ஒரு எழுத்தையும் தொடமாட்டேன் என்று நாலு வேடியப்பன் முன்னாலும் சத்தியம் பண்ணினாள்.

"அஞ்சு பேர் எழுதினாங்கன்னு சொன்னியேம்மா, இங்க நாலுதான இருக்குது?" என்று கேட்டார் ஊர்ப் பெரியவர் இருசப்பன்.

நஸ்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்தாவது பதிவில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப்போயிருந்தன. அந்தக் கணக்குப்படி அந்த வேடியப்பன் வடதுருவத்துக்குப் பக்கத்தில், வருஷம் முழுக்கப் பனி கிடக்கிற ஒரு தீவின் ஓரத்தில் நிற்க வேண்டும். நின்றார். அங்கே பனியைப் பற்றி ஆராய்கிறவர்கள் எடுத்த படம் அவளிடம் இருந்தது. மொட்டை வெள்ளையில் வில்லோடு தனியாக நின்ற அவரைப் பார்த்து எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஐயோ குளிருமே என்றார்கள். அன்றைக்கே கம்பளி வாங்க ஆள் போனது.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்திருக்கும், மாதம்மாளின் கல்யாணம் மட்டும் நடுவில் இல்லாவிட்டால்.

மாதம்மாள் எங்கள் ஊரில் தக்காளி மண்டி நடத்துகிறவள். புருஷன் போய் ஒன்பது வருஷம். நாற்பத்தாறு வயதில், மைக் செட் பொன்னுரங்கத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டாள், ஆசைப்பட்டதை மறைக்கவும் இல்லை. பொன்னுரங்கமும் மனைவியை இழந்தவர், அதிகம் பேசாத சாது. சுற்றுப்பட்டு விசேஷங்களுக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டுவார், ஆள் வருவதற்கு முன்னால் காலி மண்டபத்தில் நின்று "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்பார், அதற்குமேல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அந்த "கேக்குதா"வுக்கும் யாரும் பதில் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் வேடியப்பனிடம் பூக் கேட்க வேண்டும். ஈரப் பூவைக் கல்லின் இரண்டு தோளிலும் வைத்துவிட்டுக் காத்திருப்போம். வலது பூ முதலில் விழுந்தால் சம்மதம், இடது விழுந்தால் இல்லை. மாதம்மாள் பூக் கேட்க நாள் குறித்திருந்தது, சாமி நான்காக ஆன அந்த வெள்ளிக்கிழமைதான். நாலு பேர் நின்றால் நாலு பேரிடமும் கேட்டுவிடுவோம் என்று கேட்டாள். குதிரைக்காரர் வலது பூ கொடுத்தார். வேடியம்மாள், பூவை வைத்த கையை எடுப்பதற்குள் வலது பூ கொடுத்தாள். பாதிக் கல்லுக்குத் தோளே இல்லை. நாய்க்காரர் நெடுநேரம் யோசித்து இடது பூவைத் தள்ளினார்.

"அப்புறம் என்னா, அசல் சாமி வேணாம்னு சொல்லிருச்சு" என்றார் இருசப்பன். அவர் மாதம்மாளின் செத்துப்போன புருஷனுக்கு அண்ணன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒன்பது வருஷமாக மூன்று வேளையும் மாதம்மாள் கையால் சாப்பிடுகிறவர், அவள் போய்விட்டால் யார் கையால் சாப்பிடுவது என்று கேட்கக் கூச்சப்பட்டு, அதற்குப் பதிலாகச் சாமியைப் பேசிக்கொண்டிருந்தார்.

"அதுதான் அசல்னு உங்களுக்கு யாருங்க மாமா சொன்னாங்க?" என்றாள் மாதம்மாள்.

யாருக்கும் தெரியாது. ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. அசல் எது என்று முடிவாகிற வரைக்கும் தாலி கட்டக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். மாதம்மாளோ மண்டபம் பேசியாகிவிட்டது, அடுத்த மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், அதற்குள் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தக்காளி ஏலம் விடப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாளில்தான், அதே மண்டபத்தில், மரபுச் செல்வங்களைப் பற்றிய ஆராய்ச்சித் தரவுகளை எப்படிப் பேணுவது என்கிற மாநாடு நடந்தது. வேறெங்கோ நடக்க வேண்டியதை, இப்படி ஒரு பிழை எழுந்து நிற்கிற ஊரை நேரில் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஊருக்கு மாற்றியிருந்தார்கள். நாங்கள் அவர்களைத் தரவுக்காரர்கள் என்றோம். மறுநாள் கல்யாணத்துக்கென்று வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்கு நடுவே அவர்கள் மடிக்கணினிப் பைகளோடு வந்து இறங்க, எங்கள் ஆட்கள் பழக்க தோஷத்தில் பன்னீர் தெளித்து, சந்தனமும் கல்கண்டும் கொடுத்து, பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டு அதன்படி உட்காரவைத்தார்கள். பாதிப் பேர் பெண் வீடு என்றார்கள். மேடையில் மணமக்கள் நாற்காலியில் பேராசிரியர் அமலதாஸ் உட்கார்ந்தார், பக்கத்து நாற்காலியில் உட்கார வேறு யாரும் சம்மதிக்கவில்லை. பொன்னுரங்கம் மைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அமலதாஸ் பெரிய படிப்பாளி, குரல் கம்பீரமானது, தலைப்பு எளிமையானது. ஒரு பொருளுக்கு ஒரு பதிவு. ஒரே கல்லுக்கு ஐந்து பதிவு இருந்தால் நாளைக்கு வருகிறவன் எதை நம்புவான், அதனால் சரியானதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிட வேண்டும் என்றார். சரியானது எது என்றால், நாய் இருக்கிற பதிவு. அதை எழுதியவர் அவர்தான். சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டெடுப்பு என்று அறிவித்ததும் இருசப்பன் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். கடைசி வரிசையில் மாதம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அழித்தால் குதிரைக்காரரும் வேடியம்மாளும் போய்விடுவார்கள், அவர்கள் கொடுத்த பூவும் போய்விடும். மிஞ்சுவது வேண்டாம் என்று சொன்ன சாமி ஒன்றுதான். எங்களில் பாதிப் பேருக்கு அன்று சாம்பார் இறங்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் யாரோ ஒரு சமரசம் சொன்னார்கள். ஐந்தில் முதலில் எழுதப்பட்ட பதிவு பனியில் நிற்பவருடையது, மூத்தவர் அவர்தான், எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாதவர், அவரையே கேட்போம். இருசப்பனும் சரி என்றார், மாதம்மாளும் சரி என்றாள். நஸ்ரீன் திரையில் அந்தத் தீவைக் கூப்பிட்டாள். தாடியெல்லாம் பனியாக ஒருவர் வந்தார், அவர் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் பனியண்ணன் என்றோம். அவர் ஏற்கெனவே வேடியப்பனுக்குக் கம்பளிக் குல்லாய் போட்டுவிட்டிருந்தார், அதைப் பார்த்ததும் மகளிர் குழுவில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அங்கே பூ கிடையாது. கொஞ்சம் பனியை உருட்டி இரண்டு தோளிலும் வைத்தார்.

காத்திருந்தோம். ஆராய்ச்சிக்காரர்களும் ஊர்க்காரர்களும் பந்தி பரிமாறுகிறவர்களும் திரையையே பார்த்தார்கள். அந்த மாநாட்டில் ஒருவரும் தூங்காத அமர்வு அதுதான். பனி உருண்டைகள் அசையவில்லை. இங்கே எதுவும் உருகாது, வேண்டுமானால் கோடைக்காலத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று பனியண்ணன் வருத்தத்தோடு சொல்வதாக நஸ்ரீன் சொன்னாள்.

"முகூர்த்தம் நாளைக்குங்க" என்றாள் மாதம்மாள். அவள் குரல் உடைந்ததை நாங்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம்.

அமலதாஸ் ஓட்டெடுப்புக்கு எழுந்தார். அதற்குள் நஸ்ரீன் மைக்கை எடுத்துக்கொண்டாள்.

"சார், ஒரு நிமிஷம். அஞ்சு பேர் எழுதியிருக்காங்க. அஞ்சு பேருமே வெளியூர். சாமி யாருதோ அவங்க எழுதினது ஒன்னுகூட இல்ல. எதையும் அழிக்க வேண்டாம் சார். யார் எழுதினாங்க, எப்ப எழுதினாங்கன்னு பக்கத்துலயே போட்டு எல்லாத்தையும் வெச்சிக்கலாம். ஊர்க்காரங்களும் அவங்க பேர் போட்டு எழுதட்டும்."

அமலதாஸ் சுற்றிப் பார்த்தார். குதிரை எழுதியவரும், பெண் என்று எழுதிய மாணவியும், பாதிப் படம் எடுத்தவரும் அந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள், யாருக்கும் தன் பதிவு அழிவதில் இஷ்டமில்லை. ஓட்டு எடுத்தபோது கைகள் மளமளவென்று நஸ்ரீன் பக்கம் உயர்ந்தன. பேராசிரியர் ரொம்ப யோசித்துவிட்டு, "பேரும் ஆதாரமும் இருந்தா சரிதான்" என்று ஒத்துக்கொண்டு ஒரு டீ கேட்டார்.

நஸ்ரீன் புதிய பதிவுக்கான கட்டங்களைத் திரையில் திறந்தாள். "யார் முதல்ல எழுதறீங்க?" என்றாள். சாமியைப் பற்றி எழுதுவதா என்று எல்லோரும் பழக்கப்படி முதுகைத் திருப்பப் பார்த்தோம். மாதம்மாள் எழுந்து நடந்து வந்தாள்.

இருசப்பன் குறுக்கே வந்தார். "ஏம்மா, ஊர்ல பொறந்த ஒருத்தரும் அசல் சாமி மொகத்தப் பார்த்ததில்ல. நீ என்னாத்தப் பார்த்து எழுதுவ?"

"பார்க்கலதான் மாமா. பேசியிருக்கேன். உங்க தம்பி போன நாள்ல இருந்து மண்டி தொறக்கறதுக்கு முன்ன தினம் போய் அவருகிட்டதான் பேசறேன். வெலை போச்சுன்னா சொல்லுவேன். தனியா இருக்கறேன்னு சொல்லுவேன். ஒரு நாள்கூட அவரு என்னைய வேணாம்னு சொன்னதில்ல." பிறகு நஸ்ரீன் பக்கம் திரும்பினாள். "நீ எழுதும்மா."

"பேரு சொல்லுங்கக்கா."

"வேடியப்பன்."

"எந்த இடம்?"

"இந்த மண்டபத்து வாசல். நாளைக்கு அவரு அங்கதான் வேணும்."

"எப்படி இருப்பாரு?"

"வில்லு இருக்கும். நாய் இருக்கும். குதிரையும் ஒரு பக்கம் நிக்கட்டும், பாவம், அது குதிரைதான்னு தெளிவா எழுது. தோளு ரெண்டும் உண்டு." விரலில் சுற்றியிருந்த புடவைத் தலைப்பை அவிழ்த்துவிட்டாள். "எடது தோள்ல பூ அப்படியே இருக்குது. வலது பூ விழுந்துருச்சு. காலடியில கெடக்குது."

நஸ்ரீனின் விரல் நின்றது. கடைசிக் கட்டத்தில் ஆதாரம் என்று போட்டிருந்தது, ஆதாரமில்லாமல் தொடமாட்டேன் என்று அவள் சத்தியம் பண்ணியிருந்தாள்.

"ஆதாரம் என்னன்னு போடணும்க்கா."

"மாதம்மாள்னு போடு" என்றாள் மாதம்மாள்.

நஸ்ரீன் மேடையைப் பார்த்தாள். அமலதாஸ் டீயை ஊதிக்கொண்டே, பேர்தான் இருக்கிறதே என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவள் பொத்தானை அழுத்தினாள். விளக்குகள் ஒருமுறை மங்கி எரிந்தன, ஸ்பீக்கர் உறுமியது, வாசலில் கனமாக ஏதோ இறங்கிய சத்தம் கேட்டது.

முண்டியடித்துக்கொண்டு ஓடினோம். வாழைமரத்துக்குப் பக்கத்தில், கழுவித் துடைத்ததுபோல, இடது பக்கம் நாயும் வலது பக்கம் சந்தேகமே இல்லாத குதிரையுமாக வேடியப்பன் நின்றார். இடது தோளில் ஒரு பூ, கல்லிலேயே. வலது தோள் காலி. வலது காலடியில் இன்னொரு பூ கிடந்தது, அதுவும் கல்லிலேயே. இருசப்பன் குனிந்து அந்தப் பூவை நகர்த்திப் பார்த்தார். நிமிர்த்தித் தோளில் வைத்துவிட முடியுமா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிறகு மாதம்மாளைப் பார்த்து, இத்தனை நாளாகக் கேட்க வெட்கப்பட்டதைக் கேட்டார்.

"அப்ப எனக்குச் சோறு?"

"நீங்களும் அங்கயே வந்துருங்க மாமா. உங்கள விட்டுட்டா போவேன்?"

பெரியவர் வேட்டி நுனியில் மூக்கைச் சிந்திக்கொண்டு, நாளைக்குப் பாயசம் சேமியாவா பருப்பா என்று விசாரிக்கப் போய்விட்டார். தரவுக்காரர்களில் ஒருவரும் அன்றைக்கு ஊருக்குக் கிளம்பவில்லை. பெண் வீடு என்று சொன்னவர்கள் காய் நறுக்க உட்கார்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வேறு ஆள் வைத்தால் வயரை மாற்றிச் சொருகிவிடுவான் என்று, பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையே தன் கல்யாணத்துக்கு மைக் செட் கட்டினார். நாற்காலிகள் இன்னும் காலியாகத்தான் இருந்தன. பொன்னுரங்கம் வழக்கம்போல மேடையில் நின்று, மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்றார். பிறகு, எப்போதும்போல யாரையும் பார்க்காமல், "கேக்குதா?" என்றார்.

சமையல்கட்டிலிருந்து, மைக் இல்லாமலே, தக்காளி ஏலம் கூவுகிற குரலில் பதில் வந்தது.

"கேக்குது! நல்லாவே கேக்குது!"

மைக்கை அணைக்க மறந்துவிட்டு அவர் அழுதது ஊர் முழுக்கக் கேட்டது.